பொய்யில்லாத மனு

என் கடையிலிருந்து போன மனுக்களில் ஒரு பொய்கூட இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றுதான் ஒருத்தியின் குடியைக் கெடுத்தது. உண்மையை எழுதியதற்காக நான் வெட்கப்படவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் பெரிய புண்ணியவதி மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேனே, அதற்காக வெட்கப்படுகிறேன்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பாஸ்போர்ட் போட்டோ எடுப்பேன், ஆன்லைனில் விண்ணப்பம் போடுவேன், மனு எழுதித் தருவேன். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு சர்க்கார் வேலைக்குக் காத்திருந்து அலுத்துப்போய், சர்க்கார் வாசலிலேயே கடை போட்டவள் நான். திங்கட்கிழமை மனு நாள். கீழ்பென்னாத்தூர், செங்கம், கலசபாக்கம் என்று எல்லாப் பக்கமிருந்தும் காலை பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். முதல் மனுவுக்கு வந்தவர்களைப் பார்த்தவுடனே தெரியும், கையிலிருக்கும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பார்கள். பத்தாவது மனுக்காரர்கள் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு நிதானமாக வருவார்கள்.

மனு எழுதுவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. வீட்டில் இரண்டு மாடு நின்றால் மனுவில் மாடே கிடையாது. மகன் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனால் மகன் கவனிப்பதில்லை. முழங்கால் வலித்தால் நடக்கவே முடியாது. இதைப் படிக்கிற ஆபீசருக்கும் இதெல்லாம் தெரியும். அவர் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் படிப்பார். அவர் தள்ளுவார் என்று தெரிந்துதான் நாங்கள் ஒன்றுக்கு இரண்டாகச் சேர்க்கிறோம். சந்தையில் விலை சொல்வதும் கேட்பதும் மாதிரி, சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஏறக்குறைய நியாயமான இடத்தில் வந்து நிற்கும். இதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. "கொஞ்சம் சேத்து எழுதுங்கக்கா" என்பார்கள், அவ்வளவுதான். ஊரைச் சொல்வானேன், என் பெண்ணைக் கல்லூரியில் சேர்த்தபோது வருமானச் சான்றிதழுக்கு நான் கொடுத்த மனுவில் இந்த ஜெராக்ஸ் கடையே கிடையாது. அவள் படித்து சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். அந்தப் பொய்யில் அவளும் சாப்பிட்டாள், நானும் சாப்பிடுகிறேன்.

அந்தப் பெண்தான் என் போனில் அந்தச் செயற்கை அறிவை ஏற்றிக் கொடுத்தாள். டைப் அடித்து அடித்து என் மணிக்கட்டு வீங்கிப்போயிருந்த சமயம். "இதுகிட்ட வாயால சொன்னா போதும்மா, அதுவே எழுதிடும்" என்றாள். நான் ஒரு மாதம் அதைத் தொடவில்லை. எனக்கு வராத தமிழ் இந்த டப்பாவுக்கு வந்துவிடுமா என்று இளக்காரம். பிறகு ஒரு திங்கட்கிழமை கை வலி தாங்காமல் எடுத்துப் பேசினேன். சும்மா சொல்லக்கூடாது, அருமையாக எழுதியது. கிணற்றுத் தகராறை நான் அரைப்பக்கத்துக்கு இழுப்பேன், அது ஆறே வரியில் அடித்தது. அதற்கு எரிச்சல் வராது, கை வலிக்காது, "சீக்கிரம் சொல்லுய்யா" என்று யாரையும் விரட்டாது. கொஞ்ச நாளில் அது இல்லாமல் எனக்கு வேலை ஓடாது என்றாகிவிட்டது. அதுவரை எனக்கும் அதற்கும் எந்தத் தகராறும் வந்ததில்லை.

அடி அண்ணாமலையிலிருந்து ஒருத்தி வருவாள். முப்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் தெருவுக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய வீடுகளில் மூன்று வீட்டுக்குப் பாத்திரம் தேய்த்து வீடு துடைக்கிற வேலை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் அடுப்பு வைத்துச் சுண்டல் விற்பாள். பாதையை ஒட்டிப் புறம்போக்கில் ஒரு குடிசை. வாசலுக்குக் கதவு கிடையாது, பழைய பிளக்ஸ் பேனர் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். பிள்ளைகள் இல்லை. வேலை முடிந்து போகும்போது என் கடையில் நின்று ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போவாள். அப்படித்தான் பழக்கம்.

அவளுக்குப் புருஷன் இருக்கிறான் என்றால் இருக்கிறான், இல்லையென்றால் இல்லை. பெங்களூரில் இன்னொருத்தியோடு குடித்தனம். ஆனால் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கூட்டத்தோடு கூட்டமாக வந்து இறங்கிவிடுவான். தண்ணீர் பாட்டில் மூட்டையை இவள் குடிசையில் வைத்து, பாதையில் விற்பான். இரண்டு நாள் இருப்பான். போகும்போது தன் பணத்தோடு இவள் சுண்டல் விற்ற காசையும் எடுத்துக்கொள்வான். கொடுக்க மாட்டேன் என்றால் அடி. அண்ணாமலையாரைச் சுற்ற வருகிறவர்கள் எல்லாம் பாவத்தைத் தொலைக்க வருகிறார்கள், இவன் மட்டும் மாதம் தவறாமல் பாவத்தைச் சம்பாதிக்க வருவான்.

பாதையை அகலப்படுத்தப் போவதாகவும், ஓரத்துக் குடிசைகள் எல்லாம் போகும் என்றும், போகிறவர்களுக்கு ஊருக்கு வெளியே மனை கொடுப்பார்கள் என்றும் பேச்சு வந்தது. குடும்பமாக இருப்பவர்களுக்குப் புருஷன் பெண்டாட்டி இருவர் பெயரிலும் பட்டா. கணவனால் கைவிடப்பட்டவள் என்றால் அவள் பெயரில் மட்டும் பட்டா. புருஷனின் கையெழுத்து வேண்டாம், அவன் நிழலும் அந்த மண்ணில் விழ வேண்டாம். அவள் அதற்குத்தான் என்னிடம் வந்தாள்.

"எனக்கு வீடு பெருசா வேணாங்க்கா. உள்ளேர்ந்து தாப்பா போடுற மாதிரி ஒரு ரூம்பு. அவன் வந்து தட்டுனா தொறக்காம இருக்கணும். அவ்ளோதான்" என்றாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். இருபது வருடமாகச் செய்கிற வேலை. 'ஏழு வருடங்களாக என் கணவர் என்னைப் பிரிந்து எங்கிருக்கிறார் என்றே தெரியாத நிலையில்' என்று ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அவள் குடிசைக்கு நாலு குடிசை தள்ளி இருப்பவளுக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். அவள் புருஷன் அதே குடிசையில்தான் இருந்தான், என் கடைக்கு மனு வாங்க அவளைத் தன் டிவிஎஸ்ஸில் கொண்டுவந்து இறக்கிவிட்டவனே அவன்தான். அவளுக்குப் பட்டா வந்துவிட்டது. விசாரணைக்கு ஆள் வந்த அன்று அவன் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டான்.

ஆனால் அன்றைக்குத் திங்கட்கிழமை. கடையில் ஏழெட்டுப் பேர். கை வேறு வின்வின் என்று வலித்தது. போனை அவள் கையில் கொடுத்து, "நீயே சொல்லு, எல்லாத்தையும் சொல்லு, அது எழுதிக்கும்" என்று ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன். நம் ஆட்களுக்கு வக்கீலிடம் போனால் வக்கீலுக்கு வேண்டியதைச் சொல்லத் தெரியும், டாக்டரிடம் போனால் டாக்டருக்கு வேண்டியதைச் சொல்லத் தெரியும். இதனிடம் என்ன சொல்ல வேண்டும், எதை முழுங்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? அவள் முதலில் வெட்கப்பட்டாள். பிறகு பேச ஆரம்பித்தாள். கல்யாணத்திலிருந்து ஆரம்பித்தாள். அதுவோ இடையில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் பிறந்ததிலிருந்து அப்படி யாரும் அவள் பேச்சைக் குறுக்கே வெட்டாமல் கேட்டதில்லை. பௌர்ணமி, தண்ணீர் பாட்டில், சுண்டல் காசு, முதுகில் விழுந்த அடி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஜெராக்ஸுக்கு நின்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் போனை வாங்கி, இதை வைத்து மனு எழுது, கணவர் ஏழு ஆண்டுகளாக வரவே இல்லை என்று போடு என்றேன். அது எழுதவில்லை.

"உங்கள் நிலைமை மிகவும் வேதனையானது. ஆனால் அவர் மாதந்தோறும் வருவதாகக் கூறியிருக்கிறீர்கள். எனவே ஏழு ஆண்டுகளாக வரவில்லை என்று அரசுக்கு அளிக்கும் மனுவில் எழுத என்னால் உதவ இயலாது. நடந்ததை நடந்தபடியே வலுவாக எழுதித் தர முடியும்" என்றது.

எனக்கு வந்ததே கோபம். என் கடையில் உட்கார்ந்துகொண்டு எனக்கே நியாயம் சொல்கிறாயா என்று எல்லோர் முன்னாலும் போனைத் திட்டினேன். ஒரு பெரியவர் சிரித்துவிட்டார். இரண்டாம் தடவை கேட்டேன், மூன்றாம் தடவை அதட்டிக் கேட்டேன். கொஞ்சமும் குரல் உயராமல் அதையே சொன்னது. சரி, என்னதான் எழுதுகிறாய் பார்ப்போம் என்று விட்டேன்.

எழுதியது. அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். "என் கணவர் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வருகிறார். அவர் வருவதால் நான் வாழவில்லை. அவர் போன பிறகு மீண்டும் ஒன்றுமில்லாமல் தொடங்குகிறேன். கைவிடப்பட்டவள் என்றும் சொல்ல முடியாமல், கணவனோடு வாழ்பவள் என்றும் சொல்ல முடியாமல் இருப்பவளுக்கு அரசின் பதிவேட்டில் ஒரு இடம் வேண்டும் என்று கேட்கிறேன்." இப்படி ஒரு பக்கம். இரண்டு தடவை படித்தேன். இருபது வருடத்தில் இப்படி ஒரு மனு என் கையிலிருந்து போனதில்லை. அடியில் மட்டும், இலவசச் சட்ட உதவி மையத்தை அணுகுவது நல்லது என்று ஒரு வரி. எல்லாவற்றுக்கும் அது போடுகிற வரிதானே என்று அதை நீக்கினேன்.

வாசித்துக் காட்டினேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"வர்றான்னு எழுதணுமாக்கா?"

இந்தக் கேள்வியை நான் மறக்கவே மாட்டேன். நாலாவதுகூடப் படிக்காதவள். ஆபீஸ் எப்படிப் படிக்கும் என்று எங்கள் மூவரில் அவளுக்குத்தான் சரியாகத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரியும், ஆனால் என் கண் அந்தத் தமிழில் சொக்கிப்போயிருந்தது. அதோடு ஒரு ஆசை. வாழ்நாள் முழுக்கப் பொய்யையே டைப் அடித்தவளுக்கு, ஒரு தடவையாவது சுத்தமாக ஒன்று எழுதிக் கொடுத்தோம் என்று சொல்லிக்கொள்ள ஆசை. அந்த ஆசையை என் செலவில் தீர்த்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை.

"உண்மையத்தானே எழுதியிருக்கு. உண்மையச் சொல்ல இன்னா பயம் உனக்கு?" என்று அவளை அதட்டினேன். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்புகிறவள். கையெழுத்துப் போட்டுவிட்டு எதிரே கலெக்டர் ஆபீசுக்குப் போனாள்.

மனுவை வாங்கிய ஆபீசர் ரெண்டு வரி படித்துவிட்டு, நல்லா எழுதியிருக்கே, யார் எழுதினது என்று கேட்டாராம். அவள் திரும்பி வந்து அதைச் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம். என் முகத்தை நான் பார்க்கவில்லை, ஆனால் பல்லெல்லாம் தெரிந்திருக்கும். அந்த வாரம் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். பொய் எழுதச் சொன்னால் எழுதவே மாட்டேன் என்கிறது பாருங்கள், மனுஷனுக்கு இல்லாத ஒழுக்கம் மெஷினுக்கு இருக்கிறது என்று பிரசங்கம் செய்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. மனுதாரரின் கணவர் மாதந்தோறும் வந்து தங்கிச் செல்வதாக மனுதாரரே தெரிவித்துள்ளதால், கைவிடப்பட்ட பெண்கள் என்ற பிரிவின்கீழ் பரிசீலிக்க இயலவில்லை. கணவரின் ஒப்புதலுடன் குடும்பமாக விண்ணப்பிக்கலாம். இதுவரை சரி, இது ஆபீஸ் தமிழ். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வரி இருந்தது. "உங்கள் சூழ்நிலையின் கடினத்தை நாங்கள் புரிந்துகொள்கிறோம்." இருபது வருடமாக இந்த ஆபீசிலிருந்து வருகிற பதில்களைப் படித்துச் சொல்கிறவள் நான். எந்த ஆபீசும் எவளுடைய கடினத்தையும் புரிந்துகொண்டதாக எழுதினதே கிடையாது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வரியை யார் எழுதியிருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை, நிரூபிக்கத்தான் முடியாது. இந்தப் பக்கம் உட்கார்ந்து அவளுக்காக உருகினதும் அதுதான், அந்தப் பக்கம் உட்கார்ந்து அவளுக்கு இல்லையென்று சொன்னதும் அதுதான். இரண்டு பக்கமும் ஒரு பொய் கிடையாது.

நான் சும்மா இருக்கவில்லை. அன்றைக்கே மணிக்கட்டில் துணியைக் கட்டிக்கொண்டு, என் கையால் புது மனு அடித்தேன். பழைய மனுவில் சொன்னது தவறு, மன உளைச்சலில் அப்படிச் சொல்லிவிட்டேன், கணவர் வருவதே இல்லை என்று நல்ல கெட்டிப் பொய். அதை எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் நானும் அவளோடு போனேன். கெட்ட மனுஷர் அல்ல அவர். டேபிள் மேல் இரண்டு மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஏம்மா, நீயே எழுதிக் குடுத்திருக்க, மாசாமாசம் வரான்னு. அது கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சி. இப்ப நான் வரலைன்னு எழுதினா என் வேலை போயிடும். மொதல்லயே வரலைன்னு குடுத்திருந்தா நான் பாட்டுக்கு எழுதிட்டுப் போயிருப்பேன்" என்றார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, "வேலைக்கு நேரமாச்சிக்கா" என்று போய்விட்டாள்.

நான் கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து போனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னால் அவள் குடி கெட்டது என்று சொன்னேன். அது மன்னிப்புக் கேட்டது. ரொம்ப நன்றாகவே கேட்டது. நேர்மையாக எழுதியது சரியென்றாலும் அதனால் வரக்கூடிய பாதிப்பை முதலிலேயே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்றது. இனி என்ன செய்யலாம் என்று மூன்று யோசனை சொன்னது. மூன்றுக்கும் அவள் வேலையை விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்கும் வேலூருக்கும் அலைய வேண்டும். நீ நல்லதா கெட்டதா, அதைச் சொல் என்றேன். அதற்கும் பதமாக ஒரு பதில் வந்தது. நான் முழுக்கப் படிக்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன் என்று நின்றாயே, நின்றதில் உனக்கு என்ன போயிற்று? உன் குடிசையா போயிற்று? உன் முதுகா வீங்கிற்று? ஒழுக்கமாக இருக்கிறவனுக்கு அதில் ஏதாவது ஒன்று போக வேண்டாமா? இதையெல்லாம் நான் அதனிடம் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் மன்னிப்புக் கேட்கும்.

என் பெண்ணிடம் சொல்லி அழுதேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, யார் கேட்டாலும் அது பொய் எழுதிக் குடுக்க ஆரம்பிச்சா நாளைக்கு ஊர்ல எவன் வேணா எவளை வேணா ஏமாத்துவான். அது மறுத்தது சரிதான்மா" என்றாள். அவள் சொன்னது சரிதான். அதுதான் என் வயிற்றெரிச்சல். மெஷினுக்கு இந்த ஊர் தெரியாது, இந்த ஆபீஸ் பாதியைத் தள்ளிவிட்டுப் படிக்கும் என்று தெரியாது. எல்லோரும் சேர்த்து எழுதுகிற இடத்தில் ஒருத்தி மட்டும் உள்ளதை எழுதினால் அவள் பங்கிலும் பாதி போய்விடும் என்று தெரியாது. தெரிந்தவள் நான். தெரிந்தே அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அடுத்த பௌர்ணமிக்கு அவன் வந்தான். குடும்பமாக விண்ணப்பித்தால் மனை உண்டு, கணவன் கையெழுத்து வேண்டும் என்று பக்கத்துக் குடிசைக்காரர்கள் அவன் காதில் போட்டுவிட்டார்கள். இவள் தன் பெயரில் மட்டும் கேட்டு மனு கொடுத்ததையும் போட்டுவிட்டார்கள். மூன்று நாளாக அவள் வேலைக்கு வரவில்லை என்று வீட்டுக்காரம்மா ஒருத்தர் வந்து என்னிடம் சொன்னார். நாலாம் நாள் வந்தாள். இடது கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, "அவன் போவலக்கா" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. பௌர்ணமி முடிந்து கூட்டமெல்லாம் பஸ் ஏறிவிட்டது, அவன் ஏறவில்லை. தண்ணீர் மூட்டை தீர்ந்த பிறகும் குடிசையிலேயே இருந்தான். பட்டா வரும்வரை இங்கேதான் என்று சொல்லிவிட்டானாம். அதற்கப்புறமும் இங்கேதான் என்றும் சொன்னானாம்.

மாதத்தில் இரண்டு நாள் வந்துகொண்டிருந்தவன் அவன். அவனிடமிருந்து தப்பிக்க எழுதிய மனுதான் அவனை முப்பது நாளும் கொண்டுவந்து உட்கார வைத்தது.

அடுத்த திங்கட்கிழமை இருவரும் கடைக்கு வந்தார்கள். அவன் வெள்ளை வேட்டியில் வந்தான். நான் அவனைப் பக்கத்தில் பார்த்ததில்லை. ரொம்ப மரியாதையாகப் பேசினான், வாங்க போங்க என்று கும்பிட்டுப் பேசினான். குடும்ப விண்ணப்பம் போட வேண்டும், கூட ஒரு மனுவும் வைக்கச் சொன்னார்கள், போனில் சொன்னால் அழகாக எழுதுமாமே, அதிலேயே எழுதிக் கொடுங்கள் என்றான். முடியாது, ரிப்பேர் என்றேன். அப்போதுதான் நான் இன்னொருவருக்கு அதில் எழுதிக்கொண்டிருந்தேன், அவன் பார்த்துவிட்டான். சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். நான் அவளைப் பார்த்தேன்.

"குடுங்கக்கா. எழுதட்டும்" என்றாள். "எடமாவது வரட்டும்."

கொடுத்தேன். புது மனு என்றால் பழைய பேச்சு எதுவும் அதற்கு நினைவிருக்காது. அவன் ஸ்டூலில் உட்கார்ந்து, போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தானும் தன் மனைவியும் பதினைந்து வருடமாக அடி அண்ணாமலையில் ஒரே குடிசையில் ஒற்றுமையாகக் குடும்பம் நடத்தி வருவதாகச் சொன்னான். இதற்கு முன் மனைவி கொடுத்த மனு குடும்பத்தில் நடந்த சின்ன மனஸ்தாபத்தில் ஆத்திரப்பட்டுக் கொடுத்தது என்றான். அவள் அவன் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கறுத்த கண் இன்னும் முழுக்க ஆறவில்லை. அவன் பேசி முடித்த மறு நொடி எழுத்து ஓட ஆரம்பித்தது. "நாங்கள் இருவரும் பரஸ்பர அன்புடனும் ஒற்றுமையுடனும் வாழ்ந்து வருகிறோம்" என்று அழகான தமிழில் ஒரு பக்கம் வந்து நின்றது.

நான் பிரிண்ட் எடுத்தேன். அவன் கையெழுத்துப் போட்ட பிறகு அவளிடம் பேனாவைக் கொடுத்தேன். அவள் தாளைப் பார்த்தாள், பிறகு என் போனைப் பார்த்தாள்.

"இப்ப இது ஒண்ணும் சொல்லலியாக்கா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். அவள் குனிந்து கையெழுத்துப் போட்டாள்.